எந்தப் பக்கத்தில் அமர்வது?

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானச்சீட்டு எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் விசாரிப்பது, ஆசனம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைத்தான். விலை விசாரணை அதற்குப் பிறகே. இதனைக் கேள்வியுற்ற பத்திரிகை நண்பர் ஒருவர், "ஐம்பது வயது தாண்டியும் உமக்கு இந்தச் சின்னப்பிள்ளைக் குணம் போகவில்லையா? ஒரு மணித்தியாலப் பயணத்தில் எந்தப் பக்கம் இருந்தால் என்ன?" என்று கேட்டுச் சிரித்தார். அங்கிருந்த வேறு சிலரும் சேர்ந்து சிரித்தனர். அவர்களுள் மூவர் வடபகுதி நிலவரம் பற்றி ஆண்டுக்கணக்காக எழுதி வருபவர்கள். அவர்கள் சிரித்ததுதான் என்னை உறுத்தியது. ஆகவே, அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கு எழுதுகிறேன்.

யன்னலோரம் அமர விரும்புவது பட்டிக்காட்டுத்தனம் என்றொரு எண்ணம் நம்மவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. அடிக்கடி பறப்பவர் நடைவழி ஆசனத்தையே கேட்பார், எழுந்து போவதற்கு வசதி, இறங்குவதற்கு வசதி என்பார். வெளியே பார்ப்பவர் முதன்முறை பறப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பது இவர்களது முடிவு. இமயமலையைப் பார்ப்பதற்கென்று டில்லியிலிருந்து காத்மண்டுவுக்கு இடப்பக்க ஆசனம் தேடும் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணியை இவர்கள் பரிகசிப்பதில்லை. அது இரசனையாம்! சொந்த ஊரை மேலிருந்து பார்க்க விரும்பும் நம்மவர் மட்டும் பட்டிக்காட்டான்.

முதலில், எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான் என்பது வெறும் அறியாமை. உலகப்படத்தை விரித்து வைத்து, புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை விளங்கிவிடும். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குக் கோடு கீறினால், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட மணற்றிட்டுகள் அக்கோட்டின் இடப்பக்கத்தில் விழும். அதே கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குக் கோடு கீறினால் அதே மணற்றிட்டுகள் வலப்பக்கத்துக்கு மாறிவிடும். ஒரே கடல், ஒரே மணல். ஆனால் பக்கம் தெரியாமல் அமர்ந்தவருக்கு இரண்டு பயணத்திலும் கிடைப்பது வெறும் நீர்ப்பரப்பு.

சென்னை-பலாலிப் பாதையை எடுத்துக்கொள்வோம். இது புதிய பாதையன்று. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே சென்றது. யுத்தம் அப்பாதையை மூடியது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமானது.

சென்னையும் பலாலியும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்தவை. இடைத்தூரம் சுமார் 350 கிலோமீற்றர். தெற்கு நோக்கிய அந்தக் கோடு கரையிலிருந்து சற்று விலகிக் கடலின் மேலாகவே செல்கிறது. எனவே வலப்பக்கம் இருப்பவருக்குப் புதுச்சேரி, கடலூர், பிச்சாவரத்துக் கண்டற்காடு, கொள்ளிடம் கடலோடு கலக்கும் முகத்துவாரம், தரங்கம்பாடி, காரைக்கால் என்று சோழமண்டலக் கரை முழுவதும் வரிசையாக வரும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த நாகபட்டினக் கரை வரும். பின்னர் வேதாரணியத்து உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகள் போலப் பளபளக்கும். இறுதியாகக் கோடியக்கரை. அங்கிருந்து காங்கேசன்துறைக்கு 60 கிலோமீற்றருக்கும் குறைவு. இடப்பக்கம் இருப்பவருக்கோ இவ்வளவு நேரமும் வங்கக் கடலும் முகிலும்தான். காலைப் பயணமாயின் இடப்பக்கத்தார் கண்ணில் வெயிலும் அடிக்கும். வலப்பக்கத்தாருக்கோ முதுகுப்புறமிருந்து வரும் வெளிச்சம் கரையில் விழுந்து காட்சியைத் தெளிவாக்கும். திரும்பும் பயணத்தில் இவையெல்லாம் மறுபக்கம் மாறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வழியில் ஓடும் ஏ.ரி.ஆர். வகை விமானங்களுக்கு இறக்கை யன்னல்களுக்கு மேலே இருப்பது இன்னொரு நன்மை. பெரிய ஜெட் விமானங்களில் இறக்கை கீழே இருந்து பாதிப் பேரின் பார்வையை மறைத்துவிடும். அவற்றில் இறக்கைக்கு முன்னால் அமர்வதே உத்தமம். பின்னால் அமர்ந்தால் இயந்திரத்தின் வெப்பக் காற்று நிலத்தைக் கலங்கலாக்கிக் காட்டும்.

இதுவரை சொன்னதைப் பயண வழிகாட்டி எழுதுபவர் எவரும் சொல்லக்கூடும். "வலப்பக்கமே சிறந்தது" என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைத்துவிடுவார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் அந்த ஆலோசனை, கடைசி ஐந்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்காத ஆலோசனை.

பலாலி ஓடுபாதை ஏறத்தாழத் தென்மேற்கு-வடகிழக்காகக் கிடக்கிறது. விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே தரையிறங்கும். சோளகம் வீசும் மாதங்களில் அது கடற்பக்கமாக, வடகிழக்கிலிருந்து இறங்குவதே இயல்பு. அப்போது காங்கேசன்துறை, மயிலிட்டிக் கரை வலப்பக்கம் இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழ். விமானம் மேற்கே கடலோடு வந்து, இடப்பக்கம் சாய்ந்து திரும்பி, வலிகாமத்தின் மேலாகத் தென்மேற்கிலிருந்து இறங்கும். அவ்வேளை யாழ்ப்பாண நகரமும் கோப்பாய், அச்சுவேலிச் செம்மண் தோட்டங்களும் வலப்பக்கம். தெல்லிப்பழை, கீரிமலை, காங்கேசன்துறை, சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகள், அவற்றுக்கப்பால் மயிலிட்டி, இவையெல்லாம் இடப்பக்கம்.

அந்த இடப்பக்கத்தில் இருப்பது வலிகாமம் வடக்கு. 1990 யூனில் சனங்கள் உடுத்த உடுப்போடு விட்டு ஓடிய ஊர்கள். பின்னர் உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் பெற்ற ஊர்கள். 2013ஆம் ஆண்டில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் விடுக்கப்பட்டதும் இப்பகுதியிலேதான். 2015க்குப் பின்னர் துண்டு துண்டாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. ஆயினும் முழுமையாக விடுவிக்கப்படவில்லை. வயாவிளான்-பலாலி வீதி 35 ஆண்டுகளின் பின்னர் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோதும், இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது, நடந்து போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அதாவது, காணியின் சொந்தக்காரன் வேலிக்கு வெளியே நின்று ஆறுதலாகப் பார்ப்பதற்குக்கூட வழியில்லை. அவன் தன் காணியைப் பார்க்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது சரியான பக்கத்திலுள்ள விமான யன்னல்.

நண்பரே, எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று கேட்டீர் அல்லவா? இதுதான்.

2023ஆம் ஆண்டு தை மாதத்தில் இப்பாதையிற் பயணம் செய்தேன். எனது ஆசனம் மேலதிகக் கட்டணம் செலுத்தி, உலகப்படம் பார்த்து, திட்டமிட்டு எடுத்த வலப்பக்க யன்னல். பக்கத்து ஆசனம் வெறுமை. நடைவழிக்கு அப்பால் இடப்பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர். அவருக்கு அப்பால் யன்னலோரத்தில் ஓர் இளைஞர். விமானம் மேலெழுந்து சிறிது நேரத்தில் இளைஞர் யன்னல் மறைப்பை இழுத்து மூடிவிட்டுக் கைத்தொலைபேசியில் படம் பார்க்கத் தொடங்கினார்.

"தம்பி, ஒருக்கால் திறந்துவிடும், கடல் முடிஞ்சுதோ தெரியேல்லை" என்றார் அம்மா.

"வெளிச்சம் விழுது அன்ரி, படம் தெரியாது. இறங்கேக்கை திறக்கிறன்" என்று மரியாதையாகவே பதில் வந்தது.

நான் தலையிட்டேன். பணிப்பெண்ணை அழைத்தேன். யன்னலோரப் பயணியின் விருப்பத்தில் தம்மால் தலையிட முடியாது என்று அவர் கூறினார். அதன் பின்னர் நடைவழி தாண்டி அம்மாவுடன் பேச்சுக் கொடுத்தேன். காங்கேசன்துறைக்கும் மயிலிட்டிக்கும் இடையில் அவரது வீடு இருந்ததாம். 1990இல் விட்டு வந்தவர். அவரது பகுதி இன்னும் விடுபடவில்லை. "யன்னல் கேட்டனான் தம்பி. கூடக் காசு வேணுமாம். அதுதான் விட்டிட்டன்" என்றார்.

விமானம் தரையிறங்கத் தயாரானதும், விதிப்படி மறைப்புகளைத் திறக்கச் சொன்னார்கள். இளைஞரும் திறந்தார். விமானம் இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது. எனது யன்னலில் வெறும் ஆகாயம். நடைவழிக்கு அப்பால் அந்தச் சின்ன வட்டத்துக்குள் மட்டும் நிலம் நிறைந்து தெரிந்தது. அம்மா இடுப்புப்பட்டி இழுத்துப் பிடிக்க, இளைஞரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அந்தா... அது கோயில்... இல்லை, அது அங்காலை" என்றார். அதற்குள் விமானம் நிமிர்ந்துவிட்டது. ஓடுபாதை வந்துவிட்டது.

அந்த இளைஞரைக் குறைகூற நான் இதனை எழுதவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. குறைகூற வேண்டியவன் நான். முன்னதாகவே பக்கம் ஆராய்ந்து ஆசனம் எடுத்தவன், காற்றின் திசையை மறந்துபோனேன். என் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தது. இளைஞரை இப்பக்கம் வந்து வசதியாகப் படம் பார்க்கும்படி கேட்டிருக்கலாம். பணிப்பெண்ணோடு உரிமை பேசிய எனக்கு அந்த எளிய வழி தோன்றவில்லை. தோன்றியபோது எல்லோரும் இடுப்புப்பட்டி கட்டியிருந்தோம்.

இனி, என் நண்பர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

"காசு கொடுத்தவனுக்கு யன்னல், இதில் என்ன அநியாயம்?" என்பது முதலாவது. காசு கொடுத்தவனுக்கு ஆசனம் சொந்தம். வெளியே இருக்கும் நிலமும் அவனுக்குச் சொந்தமா? வெளிச்சம் விமானத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் பொதுவானது. காசு கொடுத்தவனுக்கும் யன்னல் நிச்சயமில்லை என்பது இன்னொரு கதை. 2025 ஓகஸ்டில் அமெரிக்காவில் இரு பெரிய விமான நிறுவனங்களுக்கு எதிராகப் பயணிகள் வழக்குத் தாக்கல் செய்தனர். யன்னலோர ஆசனம் என்று மேலதிகப் பணம் வாங்கிவிட்டு, யன்னலே இல்லாத வெறுஞ் சுவரின் அருகே அமர்த்தினார்கள் என்பது முறைப்பாடு. குளிரூட்டிக் குழாய்கள் செல்லும் இடத்தில் யன்னல் வைக்க முடியாது என்பது தொழில்நுட்பக் காரணம். சரி. அதற்கு யன்னல் விலை வாங்குவது எந்தத் தொழில்நுட்பம்?

"பாதுகாப்பு" என்பது இரண்டாவது ஆட்சேபம். 2025 மே மாதத்தில் இந்தியச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரிகள், மேற்கு எல்லையை அண்டிய படைத்தளங்களில் ஏறி இறங்கும் பயணிகள் விமானங்கள் 10,000 அடி உயரத்துக்குக் கீழே யன்னல்களை மூடியிருக்க வேண்டும் என்று பணித்தனர். பாகிஸ்தானுடனான மோதல் ஓய்ந்து சில நாட்களே ஆகியிருந்த வேளை அது. அங்குங்கூட அவசர வாசல் வரிசைக்கு விலக்களித்தனர். ஏனெனில் தரையிறங்கும்போது யன்னல் திறந்திருப்பது வெளியே தீயோ சேதமோ உண்டா என்று பார்ப்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு. இங்கோ யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. படம் எடுக்க அனுமதி வேண்டும் என்று நான் வாதாடவில்லை. கண்ணால் பார்ப்பதைப் பற்றியே பேசுகிறேன். ஒரு கிழவி தன் கிணற்றடி இருந்த இடத்தை மேலிருந்து பார்ப்பதால் எந்த அரசின் பாதுகாப்புக் குலையும்?

"இதெல்லாம் விமானத்தில் போகக்கூடியவர்களின் கவலை" என்பது மூன்றாவது. இது நியாயம் போலத் தோன்றும். ஆனால் யுத்த காலத்தை மறந்தவர்களே இப்படிப் பேசுவர். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது குடாநாட்டுச் சனங்களுக்குக் கப்பலையும் விமானத்தையும் விட்டால் வேறு வழியிருக்கவில்லை. நோயாளியும் மாணவனும் கடன்பட்டுப் பறந்தார்கள். அதற்கு முன்னர், 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கரைக்கப்பால் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அதன் பின்னர் அவ்வழியே பறந்தவர்களுள் நானும் ஒருவன். எவரும் வெளியே பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தோம். கீழே இருந்த கடலைப் பார்த்தால் அந்த 55 பேரின் நினைவு வரும். வெளியே பார்க்காமல் பறக்கும் பழக்கம் நமக்கு நாகரிகத்தால் வந்ததன்று. பயத்தால் வந்தது. பயம் போன பின்பும் பழக்கம் நிற்கிறது. அதற்குத்தான் இப்போது நடைவழி வசதி என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

புதிய விமானங்கள் சிலவற்றில் மறைப்பையே காண முடியாது. 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787இல் கண்ணாடியே ஒரு பொத்தானை அழுத்தினால் கருநீலமாக இருளும். விமானப் பணியாளர் எல்லா யன்னல்களையும் ஒரேயடியாக இருட்டடிக்கவும் முடியும். பயணி நித்திரை கொள்ள வேண்டும், அல்லது திரையைப் பார்க்க வேண்டும். முன்னிருக்கும் திரையில் விமானம் எங்கே பறக்கிறது என்று ஒரு படம் ஓடும். அந்தப் படத்தில் காங்கேசன்துறை ஒரு புள்ளி. அகழ்ந்த குழியும் கூரையில்லாத வீடும் அப்புள்ளிக்குள் தெரியா.

எல்லாவற்றிலும் என் கோபம் என் தொழிலைச் சேர்ந்தவர்கள் மீதே. காணிப் பிரச்சினை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். ஏக்கர்க் கணக்கைத் திணைக்களம் தந்தால் திணைக்களக் கணக்கு, அரசியல்வாதி தந்தால் அரசியல்வாதியின் கணக்கு. எத்தனை ஏக்கரில் பயிர் பச்சை பிடித்திருக்கிறது, எத்தனை ஏக்கர் பற்றைக்காடு, எங்கே புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறது என்பதை ஓர் ஐந்து நிமிடம் யன்னலால் பார்த்திருந்தால், அந்தக் கணக்குகளைக் கொண்டு வந்தவர்களிடம் கேட்க இன்னும் நான்கு கேள்விகள் நம்மிடம் இருந்திருக்கும். நாம் நடைவழி ஆசனத்தில் அமர்ந்து, பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்தக் காணிகளின் மேலாகவே பறந்து போய், காணி பற்றிய மாநாட்டில் கலந்துகொண்டு திரும்பினோம். இது மிகைப்படுத்தலன்று. நான் செய்தது.

ஆகவே என் கோரிக்கைகள் மிக எளியவை. விமானத்தை இறக்கப்போகும் விமானி, எந்தப் பக்கத்தால் இறங்குகிறோம், அப்பக்கத்தில் எந்த ஊர் தெரியும் என்று ஒரு வாக்கியம் சொல்லட்டும். தமிழிலும் சொல்லட்டும். புறப்படும் நேரம் வரை விற்பனையாகாத யன்னலோர ஆசனங்களை, கேட்கும் முதியவர்களுக்கு மேலதிகக் காசு வாங்காமல் கொடுக்கட்டும். வெறுமையாகப் பறப்பதைவிட அது நட்டமில்லை. கடைசி இருபது நிமிடத்துக்கு மறைப்புகள் திறந்திருக்கட்டும். யன்னலோரத்தில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரிடம், "உங்கள் ஊர் எது?" என்று ஒருமுறை கேட்கட்டும். இதற்குச் சட்டம் வேண்டாம்.

பயணிகளுக்கு ஒரு சொல். தெற்கே வரும்போது சோளக காலமாயின் வலப்பக்கம் எடுங்கள். கரையும் கிடைக்கும், ஊரும் கிடைக்கும். வாடைக் காலமாயின் உங்களுக்கு வேண்டியது எது என்று முடிவு செய்யுங்கள். சோழமண்டலக் கரை வேண்டுமென்றால் வலப்பக்கம். வலிகாமம் வடக்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மணித்தியாலம் வெறுங் கடலைப் பார்த்துக்கொண்டு இடப்பக்கம் இருங்கள். நான் இப்போது அப்படித்தான் இருக்கிறேன்.

அந்த அம்மாவைப் பின்னர் நான் சந்திக்கவில்லை. அவரது காணி விடுபட்டதோ தெரியாது. விடுபட்டிருந்தால் அவருக்கு இக்கட்டுரை தேவையில்லை. அவர் முற்றத்தில் நின்று, மேலே போகும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார். அதுவரை அவருக்கு யன்னல் வேண்டும். அந்த யன்னலைச் சின்னப்பிள்ளைக் குணம் என்று சிரிப்பவர்கள், அடுத்த முறை பலாலிக்கு வரும்போது ஒரேயொரு தடவை இடப்பக்கம் இருந்து பார்த்துவிட்டு, அதன் பின்னர் சிரிக்கட்டும்.